துண்டுக்கு அடியில் காயாத துணி

1

துணி துவைப்பதைப் பற்றி எழுதப் போகிறேன். வெளிநாட்டில் இருப்பவள் எழுத உட்கார்ந்தால் பனியைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ எழுதுவாள் என்று ஊரில் எதிர்பார்ப்பார்கள். நாங்கள் இருக்கும் அயர்லாந்துச் சிற்றூரில் பனி பெய்வது அபூர்வம், மழைதான். சம்பளத்தைப் பற்றி எங்கள் சொந்தக்காரர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே துணி.

நான் நர்ஸ். சேலத்தில் பிறந்து, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவரைக் கட்டிக்கொண்டு, மூன்று வயதுப் பிள்ளையோடு இங்கே வந்தவள். எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. வீட்டுக்காரருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை. பிள்ளைக்கு இப்போது இருபது வயது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அருள்மேரி. பதினேழு வயதில் மேரியை எடுத்துவிட்டு அருளை மட்டும் வைத்துக்கொண்டான்.

எழுதும்போது 'வைத்துக்கொண்டான்' என்று சரியாக வந்துவிடுகிறது. பேசும்போது நாக்கு பழைய தடத்திலேயே போகும். அவன் முகம் சுண்டிப்போவதைப் பார்த்துவிட்டுத் திருத்திக்கொள்வேன். நல்லவேளையாக எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் கூப்பிட 'சாமி' என்று ஒன்று இருக்கிறது. பெண்ணுக்கும் அதுதான், பையனுக்கும் அதுதான். அவசரத்துக்கு அது கைகொடுக்கும்.

ஒருநாள் அழுக்குக் கூடையில் கையில்லாத கறுப்புப் பனியன் ஒன்று கிடந்தது. கனமான துணி, முன்பக்கம் இரட்டை மடிப்பு, உள்ளே விறைப்பான இன்னொரு துணி வைத்துத் தைத்தது. விளையாட்டுக்குப் போடுவது என்று நினைத்து மற்ற துணிகளோடு இயந்திரத்தில் போட்டு, சூட்டில் உலர்த்தியும் எடுத்தேன். ஓரமெல்லாம் நெளிந்து, இழுவை போய், தொளதொளவென்று வந்தது. அருள் அதைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதான். ஒரு பனியனுக்கா இந்த அழுகை என்று சத்தம் போட்டேன். அப்போதுதான் சொன்னான். அது பைண்டர். மார்பை அழுத்தித் தட்டையாகக் காட்டுவதற்கான துணி. பகுதி நேரமாகக் கடையில் வேலை செய்து அவனே வாங்கியது.

தான் பையன்தான் என்பதிலிருந்து எல்லாவற்றையும் அவன் எழுந்து நின்று சொன்னான், நான் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து கேட்டேன். சொல்லி முடித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, இதை எப்படித் துவைக்க வேண்டும் என்பதுதான். மற்றதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

2

துவைக்கும் முறை இது. தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். குழந்தைத் துணிக்குப் போடும் சோப்பு போதும், அதுவும் கொஞ்சம். வாசனைக்கும் மென்மைக்கும் ஊற்றும் திரவம் ஆகாது, துணியின் இறுக்கத்தை அது தின்றுவிடும். அடிக்கக்கூடாது, முறுக்கிப் பிழியக்கூடாது. அக்குள் பக்கத்தையும் மார்புக்கு அடியில் வரும் பட்டையையும் விரலால் தேய்த்து, நன்றாக அலசி, ஒரு துண்டில் சுருட்டி உள்ளங்கையால் அமுக்கினால் தண்ணீர் துண்டுக்குப் போய்விடும். பிறகு காற்று வரும் இடத்தில் நிழலில் படுக்கவைத்துக் காய வைக்க வேண்டும். முழுக்கக் காயாமல் உடம்பில் ஏற்றக்கூடாது.

கடைசி விதிதான் முக்கியம். இந்த ஊரில் அதுதான் கஷ்டமும்கூட. இங்கே எதுவுமே தானாகக் காயாது. ஒவ்வொரு வீட்டிலும் சுடுதண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஓர் அலமாரி இருக்கும், ஹாட் பிரஸ் என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதிலிருந்து போர்வை எடுத்து வரச் சொன்னார்கள், நான் இஸ்திரிப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த அலமாரியில் வைத்தால் எல்லாம் காயும், ஆனால் பைண்டர் கெட்டுவிடும். என் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை மரச்சட்டம் அடித்து, அதில் கொசுவலையை இழுத்துக் கட்டி, ஜன்னலோரம் நிறுத்தினார். எதற்கு என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பிள்ளையிடம் இதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. சட்டத்தில் ஆணி தளர்ந்தால் மட்டும் அடித்துவைப்பார்.

எனக்கும் அருளுக்கும் சண்டை வருவது நேரத்தை வைத்துத்தான். எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக்கூடாது, போட்டுக்கொண்டு தூங்கக்கூடாது, சளி இருந்தால் தொடவே கூடாது. விலா எலும்பு நோகும், மூச்சு முழுதாக இறங்காது. விலாவும் நுரையீரலும் என் தொழில், என்னிடமே அவன் மூச்சு நன்றாக இருப்பதாகப் பொய் சொல்வான். கழற்று என்று நான் சொல்வதை, அவனை நான் பழையபடி ஆகச் சொல்வதாக எடுத்துக்கொள்வான். நான் ஒரு நர்ஸாக மட்டும் சொல்கிறேன் என்று அவனை நம்பவைக்க முடிந்ததில்லை. முழுக்க நர்ஸாக மட்டும்தான் சொன்னேனா என்பது எனக்கும் அப்போது தெரியாது.

3

இந்த நாட்டில் பெயரை மாற்றுவது சுலபம். ஒரு பத்திரம், ஒரு சாட்சிக் கையெழுத்து, முடிந்தது. கடவுச்சீட்டு 'அருள்' என்று வீட்டுக்கு வந்தது. இந்தியாவுக்குள் நுழைவதற்கான அட்டையில் மட்டும் அருள்மேரி அப்படியே இருந்தாள். அதைத் திருத்த என்ன வேண்டும் என்று தூதரகத்துக்குப் போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் ஒருவர் வேறொரு எண்ணைக் கொடுத்தார். கடைசியில் பேசியவர், பிள்ளைக்குக் கல்யாணமாகிப் பெயர் மாறியதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் அந்த வழி உங்களுக்குப் பொருந்தாது என்று வைத்துவிட்டார்.

ஊருக்கே போகாமல் இருந்திருந்தால் அந்த அட்டை ஒரு பிரச்சினையில்லை. அருளின் தமிழ் வருடத்துக்கு வருடம் தேய்ந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு வார்த்தைகளும் திட்டுகளும் மட்டும் மிச்சம். அவனைத் தமிழில் பேசவைத்த ஒரே ஆள் ஸ்டெல்லா, நாமக்கல்லில் இருக்கும் என் அண்ணன் மகள். இருவருக்கும் ஒரே வயது. சின்ன வயதிலிருந்து ஞாயிறு தவறாமல் வீடியோவில் பேசிக்கொள்வார்கள். அவள் அங்கே ராத்திரி படுக்கும் முன் பல் துலக்கிக்கொண்டே பேசுவாள், இவன் இங்கே ரொட்டி தின்றுகொண்டே பேசுவான். அவளிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டதற்கு, நேரில் சொல்லிக்கொள்கிறேன் என்றான். போன வருடம் மே மாதம் அவளுக்கு நிச்சயம் வைத்தார்கள். சித்திரை வெயிலில் இந்தத் துணியோடு வேண்டாம் சாமி என்று நான் எவ்வளவோ சொன்னேன். ஸ்டெல்லா கூப்பிட்டிருக்கிறாள், போகாமல் எப்படி என்றான். அந்த அட்டைக்குத் துணையாகப் பெயர் மாற்றிய பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

அவனுக்கு ஊர் என்றால் அவள்தான். அதை நான் அப்போதே சரியாக எடைபோட்டிருக்க வேண்டும்.

4

அண்ணன் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கிராப் வெட்டிய தலையையும் தொளதொளச் சட்டையையும் பார்த்துவிட்டு, வெளிநாட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். நிச்சயத்துக்கு மட்டும் சுடிதார் போடச் சொன்னார் அண்ணி. நீளமான குர்தாவில் பேரம் முடிந்தது.

அவன் இரண்டு பைண்டர் கொண்டுவந்திருந்தான், ஒன்று உடம்பில், ஒன்று கொடியில் என்று. நாமக்கல் வெயிலில் தினமும் துவைத்தால்தான் உண்டு. துவைக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன், விசேஷ வீட்டுக் குளியலறையில் அவன் அவ்வளவு நேரம் நின்றால் ஆள் ஆளுக்குக் கதவைத் தட்டுவார்கள். குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் சோப்பு, துண்டில் சுருட்டி அமுக்கல் என்று ஒழுங்காகத்தான் செய்தேன்.

காயப்போடும்போது என் கை வேறு வேலை செய்தது. பன்னிரண்டு வயதில் என் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது, பெண்களின் உள்துணி கொடியில் கண்ணில் படும்படி தொங்கக்கூடாது. அதைப் போட்டு, மேலே ஒரு துண்டை விரித்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுப் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தாலும் கொடியில் ஒரு துண்டு தனியாக, உப்பலாகத் தொங்கும். அடியில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். நானும் குளியலறைக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் இருந்த கொடியில் பைண்டரைப் போட்டு, தடித்த துண்டால் மூடினேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை.

போர்வையே அரைமணியில் மொறுமொறுவென்று காயும் ஊரில் அது மட்டும் காயவில்லை. மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும், இரட்டை மடிப்புக்குள் ஈரம் நிற்கும். அருள் அதைத்தான் போட்டுக்கொண்டான். இரண்டாம் நாள் அக்குளுக்குக் கீழே அரிப்பு என்றான். மூன்றாம் நாள் கையை உடம்போடு ஒட்டாமல் அகட்டிக்கொண்டு நடந்தான். கழற்றிவிட்டு அறையில் படு என்றேன். இது இல்லாமல் அறையைவிட்டு வெளியே வரமுடியாது, வராவிட்டால் எதற்கு வந்தேன் என்று கேட்டான்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் மத்தியானம் திடீரென்று கோடை மழை பிடித்தது. கொடியில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு உள்ளே ஓடி வந்தவர் அண்ணி.

5

சாயங்காலம் அண்ணி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கையில் வாழையிலைப் பொட்டலம். பிரித்தால் உதிரி மல்லிகை, ஒரு படி இருக்கும். தலைக்கு வைக்கத்தான் சரம் சரமாக வாங்கியாயிற்றே, இது எதற்கு என்று பார்த்தேன்.

"எத்தன மாசத்துல போச்சு அம்மணி?" என்றார், மெதுவாக.

எனக்கு விளங்கவில்லை.

"பூவ உள்ளார வெச்சு, அந்தத் துணியப் போட்டு இறுக்கமாக் கட்டிவுடு. நாளைக்குச் சபையில உக்காந்திருக்கறப்போ பால் கசிஞ்சுதுன்னா அசிங்கமாப் போயிரும். உங்க அண்ணனுக்குக்கூடச் சொல்ல மாட்டேன். பொம்பளையாப் பொறந்தா வாரதுதான்."

அப்போது விளங்கியது. எங்கள் பக்கத்தில் பிள்ளை தங்காமல் போன பெண்ணுக்குப் பால் வற்ற மார்பில் மல்லிகைப் பூவை வைத்து, துணியால் இறுகக் கட்டுவார்கள். அருளுக்கு முன் எனக்கு ஒரு பிள்ளை, சேலத்து ஆஸ்பத்திரியில் செத்துப் பிறந்தது. அன்று பழைய வேட்டியைக் கிழித்து, பூ வைத்து எனக்குக் கட்டியவர் இதே அண்ணிதான். பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் நான் அனத்தியபோது பக்கத்திலேயே படுத்திருந்தார். பூ வாடியதும் மாற்றினார். அந்த வாரம் நான் பைத்தியமாகாமல் எழுந்தது அவரால்தான். மாரை இறுக்கும் துணியென்றால் அவருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான். துண்டுக்கு அடியில் அதைப் பார்த்ததும், என் பெண் கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றோ கலைத்தோ வந்திருக்கிறாள் என்று முடிவுசெய்து, திட்டாமல், ஏசாமல், பூ வாங்கி வந்திருக்கிறார்.

நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆட்டிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அதன் பிறகு அந்த வீட்டில் என் பிள்ளை நடமாடும் ஒவ்வொரு நிமிடமும், பெறாத பிள்ளை ஒன்றைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். அதுவும் பெண்ணாக. சொல்லிவிட்டேன். நோயாளியின் சொந்தக்காரர்களிடம் சொல்வது போல இரண்டு முறை, நிதானமாக, சின்ன வார்த்தைகளில் சொன்னேன். அண்ணி அரிசி டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கொழந்தையின்னா மறைச்சிருப்பேன் அம்மணி," என்றார். "இத நான் எங்க கொண்டுபோயி மறைக்கறது?"

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் கிளம்பிவிடச் சொன்னார். அதைச் சொல்லும்போது அழுதார், அந்த அழுகை உண்மையானது. அண்ணனிடம் அவரே பேசிக்கொண்டார். அண்ணன் கார் பேசி அனுப்பினார், வாசலுக்கு வரவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்காமல் பெட்டிகளைத் தூக்கினார். அருள் மாடிக்கு ஓடி ஸ்டெல்லாவின் கதவைத் தட்டினான். கையெல்லாம் மருதாணி, திறக்க முடியாது என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவளுக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் இறங்கி வந்தான்.

6

சேலத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். மறுநாள் காலை அருளைச் சட்டையைக் கழற்றச் சொன்னேன், முதல்முறையாக மறுப்புச் சொல்லாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். மார்புக்கு அடியில் பட்டை உட்கார்ந்த இடம் முழுக்கத் தோல் உரிந்து, நீர் கோத்திருந்தது. அக்குள் பக்கம் செக்கச்செவேல். துணியைக் காயவிடாமல் மூடிவைத்தது நான்தான் என்றேன். பரவாயில்லை என்றான். துடைத்து, மருந்து தடவி, ஃபேனுக்கு நேராக உட்காரவைத்தேன்.

அத்தை எதற்குப் பூ கொடுத்தார் என்று கேட்டான். பொட்டலம் என் கைப்பையிலேயே வந்துவிட்டிருந்தது, அறையெல்லாம் அந்த வாசனை. சொன்னேன். செத்துப் பிறந்த பிள்ளையைப் பற்றியும் சொன்னேன், அதுவரை அவனுக்குத் தெரியாது.

"பேரு வெச்சீங்களா?" என்றான்.

வைக்கவில்லை என்றேன். அந்தக் கட்டு வலித்ததா என்று கேட்டான். வலித்தது என்றேன். துப்புரவுக்கு வந்த அம்மாளிடம் பூவைக் கொடுத்துவிட்டேன், அவர் சந்தோஷமாகத் தலையில் வைத்துக்கொண்டார்.

புண் ஆற அயர்லாந்து திரும்பியும் ஒரு மாதம் பிடித்தது. அந்த மாதம் முழுக்க அவன் பைண்டர் போடவில்லை, கடை வேலைக்கும் போகவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். ஸ்டெல்லாவுக்கு எழுதிக்கொண்டே இருந்தான். படித்ததற்கு அடையாளமாக நீலக் குறி விழும், பதில் வராது. செப்டம்பரில் அவள் கல்யாணம் நடந்ததை யாரோ அனுப்பிய படங்களில் பார்த்தோம். எங்களுக்கு அழைப்பு வரவில்லை.

7

நவம்பர் இரண்டாம் தேதி கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். அண்ணனுடைய பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் சாயங்காலப் பூசை, அதை யூடியூபில் நேரலையாகப் போடுவார்கள். இங்கே அது மத்தியானத்துக்கு முன்னால். பூசைக்கு முன் இறந்தவர்கள் பெயரைப் படிப்பார்கள். கடைசிக் காலத்தில் அண்ணனோடு இருந்து அங்கேயே அடக்கமான என் அப்பா அம்மா பெயரைக் கேட்க வருடா வருடம் உட்கார்ந்துவிடுவேன். நாமக்கல்லோடு எனக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

இந்த வருடம் போனைச் சமையலறை ஜன்னலில் சாய்த்துவைத்துவிட்டு, தொட்டியில் அருளின் பைண்டரை அலசிக்கொண்டிருந்தேன். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த அருள் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போனில் அண்ணன் தெரிந்தார், அப்பா கல்லறைமேல் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு. தலை நரைத்திருந்தது. அப்பா பெயர் வந்தது, அம்மா பெயர் வந்தது. அடுத்து கோயில் உபதேசியார் படித்தார்: "அருள்மேரி."

வேறு யாராவது அருள்மேரியாக இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயருக்குப் பஞ்சமில்லை. ஆனால் குடும்பம் குடும்பமாகத்தான் படிப்பார்கள். அண்ணன் அந்தப் பெயருக்குச் சிலுவை போட்டுக்கொண்டார். அருள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான்.

பூசை முடிந்ததும் போன் செய்தேன். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அண்ணி எடுத்தார். நான் கேட்கும் முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டார். சம்பந்தி வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம், வெளிநாட்டுப் பெண் ஏன் நிச்சயத்தில் இல்லை, கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று. முதலில் பரீட்சை என்றாராம், பிறகு உடம்பு சரியில்லை என்றாராம்.

"எத்தன நாளைக்கு அம்மணி நோவு நோவுன்னு சொல்லீட்டிருக்கறது? நெம்பத் துருவித் துருவிக் கேட்டாங்க. அவ போயிட்டான்னு சொல்லியாச்சு. நாலு பேரு ஊட்டுக்கு வந்து துக்கங் கேட்டுட்டுப் போனாங்க. பூசைக்குப் பேரு குடுக்கலீன்னா அதுக்கும் கேப்பாங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு காரியத்தை ஒழுங்காக முடித்த களைப்புதான் இருந்தது. இனி நான் மட்டும் வந்துபோவதானால் வரலாம், எனக்கு அந்த வீடு எப்போதும் உண்டு என்றும் சொன்னார். மறைக்க இடமில்லை என்றவர் இடம் கண்டுபிடித்துவிட்டார். கத்த வேண்டும் போல இருந்தது, முடியவில்லை. எனக்கு மார் கட்டிவிட்ட கையல்லவா அது.

"பேரப் படிச்சுட்டீங்க அண்ணி. இனி நானும் வரலீங்க," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்பா அம்மா கல்லறையும் அதோடு போயிற்று. திரும்பிப் பார்த்தால், அருள் தொட்டியிலிருந்து பைண்டரை எடுத்துத் துண்டில் சுருட்டி அமுக்கிக்கொண்டிருந்தான். அண்ணியின் பேச்சு போனுக்கு வெளியேயும் கேட்டிருக்கும். நான் அவனிடம் போனேன். அவன் நிமிரவில்லை.

"துக்கத்துக்கு வந்தப்போ ஸ்டெல்லா இருந்தாளா?" என்று கேட்டான்.

இருந்தாள் என்றேன்.

"அழுதாளாம்மா?"

அண்ணி அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. ரொம்ப அழுதாளாம் சாமி என்று சொன்னேன்.